பாவு கட்டிய காருக்கு வாரண்டி கிடையாது

1. மெயில்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்த மெயில்தான் முதலில் நின்றது. "கிளெய்ம் ரிஜெக்டட். காரணம்: கஸ்டமர் மிஸ்யூஸ். வாகனம் பாரம் இழுக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது." கீழே ஆதாரமாக ஒரு போட்டோ. ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் ஒரு தெரு. தெரு நடுவே நாங்கள் விற்ற புத்தம் புதிய வெள்ளைக் கார். அதன் முன் பம்பரில் மாட்டிய கொக்கியிலிருந்து தறிக்குப் போகும் அரக்கு நிறப் பட்டு நூல் பாவு தெருவின் பாதி தூரத்துக்கு ஓடுகிறது. பக்கத்தில் கார்க்காரர், நெசவுக்குப் பட்டு நூல் கொடுக்கும் தேவராஜும் அவர் மனைவி கோமதியும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் பெயர் பரிமளா. ஆரணியில் ஒரு கார் டீலரின் சர்வீஸ் சென்டரில் பல வருஷம் வாரண்டி இன்சார்ஜாக இருந்துவிட்டு, போன வருஷம்தான் வெளியே வந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். "மேடம், கிளெய்ம் பாஸாகணும்னா எப்படி எழுதணும்?" அதை இங்கே சொல்லப்போவதில்லை. அதை அவர்களே கற்றுக்கொள்வார்கள், கெட்டிக்காரர்கள். நான் ஒரு மனுஷனின் பெயரை எப்படிக் கெடுத்தேன், அதைச் சரிசெய்ய எவ்வளவு பேஜார் ஆயிற்று என்பதைத்தான் சொல்கிறேன்.

வெளியாட்களுக்காக ஒரு விளக்கம். கார் செய்வது கம்பெனி. விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் டீலர். எங்கள் முதலாளி வேலூரில் இருந்தார். ஆரணியில் இருந்தது அவருடைய கிளை. பலகை கம்பெனியுடையது, கட்டடம் முதலாளியுடையது, திட்டு எங்களுடையது. சோபா என்ன கலர், சுவரில் என்ன டைல்ஸ், வாசலுக்கு வந்தவரை எத்தனை அடி எதிர்கொண்டு போய் வணங்க வேண்டும் என்பதுவரை கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. கஸ்டமர் லவுஞ்சில் ஏ.சி. கட்டாயம். கார் தூக்கி வேலை பார்க்கும் இடத்தில் ஃபேன் அந்த லிஸ்டில் இல்லை. அதனால் ஃபேனும் இல்லை.

வாரண்டி என்பது கம்பெனி கொடுத்த வாக்கு. தயாரிப்பில் குறை என்றால் பார்ட்டை இலவசமாக மாற்றித் தரவேண்டும். குறை தயாரிப்பிலா, ஓட்டியவர் கையிலா என்று தீர்ப்பு சொல்வது சென்னையில் ஓர் ஆபீஸ். அவர்கள் காரைப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் அனுப்பும் போட்டோவைப் பார்ப்பார்கள்.

தேவராஜின் கார் வந்த கதை சாதாரணமானது. போளூர் ரோட்டில் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் வந்திருக்கிறது, வண்டி போகவில்லை. கூடவே தீய்ந்த நாற்றம். எங்கள் சீனியர் மெக்கானிக் சலீம் பாய் கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்து, "கிளட்ச் பிளேட் போயிடுச்சி மேடம். வாங்கி மூணு மாசம்கூட ஆவலயே" என்றார். பிளேட்டைப் போட்டோ எடுத்து கிளெய்ம் போட்டேன். பதில்தான் அந்த மெயில்.

2. சிரித்த போட்டோ

அந்தப் போட்டோ சென்னைக்கு எப்படிப் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களே அனுப்பியதுதான். மகிழ்ச்சியான வாடிக்கையாளர் போட்டோ வாரம் ஒன்று வேண்டும் என்று கம்பெனியின் சேல்ஸ் பிரிவு உயிரை எடுக்கும். கோமதி தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்ததை எங்கள் சேல்ஸ் ஆட்கள் எடுத்து அனுப்பினார்கள். அப்போது சென்னையிலிருந்து கட்டை விரல் தூக்கிப் பாராட்டு வந்தது. கிளட்ச் போனதும் அதே சென்னை அதே போட்டோவைத் தேடி எடுத்து எங்கள் முகத்தில் வீசியது.

காரில் ஏன் பாவு கட்டினார்கள்? தறியில் ஏற்றுவதற்கு முன் சேலையின் நீள நூல்களையெல்லாம் தெருவில் நீட்டி, இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அதுதான் பாவு. முன்பெல்லாம் அதைக் கட்ட மண்ணில் முளை அடிப்பார்கள். அந்தத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், முளைக்கு மட்டும் இடமில்லை. வீட்டு வாசலில் கார் நிற்கிறது. பம்பரில் சின்ன மூடியைத் திறந்தால் கொக்கியைத் திருகி மாட்ட மரை இருக்கிறது. தேவராஜ் முளைக்குப் பதில் காரைக் கட்டிவிட்டார். ஆரணிக்காரனைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?

ஆனால் அன்று காலை எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெயிலில் ஆதாரம் இருக்கிறது, காரணம் எழுதியிருக்கிறது. எனக்கு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். தேவராஜை வரச்சொன்னேன். லவுஞ்சில் நாலு பேர் இருக்கும்போதே மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

"அண்ணா, கம்பெனி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. நீங்க காரை வெச்சி லோடு இழுத்திருக்கீங்க."

"இன்னா லோடு?"

போட்டோவைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம வண்டி! எங்க வீட்டுக்காரம்மாதான் எடுக்கச் சொன்னாங்க."

"இதத்தான் அண்ணா ஆதாரமா வெச்சிருக்காங்க. பாவு இழுத்துத்தான் கிளட்ச் போயிருக்குன்னு."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. "இழுத்தனா? நான் எங்கம்மா இழுத்தேன்? சும்மா கட்டினேன்."

"எல்லாரும் அப்படித்தான் அண்ணா சொல்வாங்க."

இந்த ஒரு வரியை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாரண்டி பார்ப்பவர்கள் வாயில் தானாக வரும் வரி அது. லவுஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரில் இரண்டு பேர் சேவூர். சாயங்காலத்துக்குள் தேவராஜ் காரை மாடு மாதிரி பூட்டி ஓட்டி, கெடுத்துவிட்டு, கம்பெனிமேல் பழி போடுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

3. தினமும் பத்து மணிக்கு

மறுநாள் பத்து மணிக்கு தேவராஜ் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பேப்பர். கம்பெனி கலர் சோபாவில் உட்கார்ந்தார். கத்தவில்லை. மிஷின் காபி கொடுத்தால் வேண்டாம் என்றார். ஒரு மணிக்கு எழுந்து போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. நான் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமர்களைப் பார்த்திருக்கிறேன். மேஜையைத் தட்டுபவர்கள், வீடியோ எடுப்பவர்கள், கலெக்டர் என் மாமா என்பவர்கள். எல்லோரையும் சமாளித்துவிடலாம். பேசாமல் பேப்பர் படிக்கும் கஸ்டமரைச் சமாளிக்க கம்பெனி ட்ரெயினிங்கில் ஒன்றுமே இல்லை.

நாலாம் நாள் நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். "அண்ணா, இப்படி வந்து உக்காந்துகினு இருந்தா நான் இன்னா பண்றது? கிளட்ச்ச டிஸ்கவுண்ட்ல போட்டுத் தரச்சொல்லி முதலாளிகிட்ட பேசறேன்."

"கிளட்ச்சு கெடக்குதும்மா. அந்த வார்த்தைய எடுங்க."

"எந்த வார்த்தை?"

"மிஸ்யூஸ். எங்க பையனக் கேட்டேன், அர்த்தம் சொன்னான். சேவூர்ல பத்து வீட்டுக்காரங்க நான் குடுக்கற நூலை நம்பித்தான் நெய்றாங்க. எடை போட்டுகூடப் பாக்க மாட்டாங்க. நேத்து ஒருத்தர் முதல் தடவையா தராசு எடுத்தாந்தார். சிரிச்சிகினேதான் எடுத்தாந்தார். ஆனா எடுத்தாந்தார் இல்ல?"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு இது ரிப்பேர் விவகாரமே இல்லை.

4. வேட்டியில் கறை

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, தேவராஜ் தன் காரைப் பார்க்கவேண்டும் என்றார். ஒர்க்‌ஷாப்புக்குள் கஸ்டமர் வரக்கூடாது என்பது கம்பெனி ரூல். போர்டே வைத்திருந்தோம். "வாங்கண்ணா" என்று நானே கூட்டிப் போனேன்.

காரின் கியர் பாக்ஸ் இறக்கி ஓரமாக வைத்தது வைத்தபடி பிளாஸ்டிக் சுற்றிக் கிடந்தது. தேவராஜ் குனிந்து பார்த்தார், பிளாஸ்டிக்கை விலக்கினார், எழுந்தபோது வேட்டியில் முழங்காலுக்கு மேலே கறுப்பாக ஒரு கறை.

பட்டுக்காரரிடம் கறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொட்டு எண்ணெய் சேலையில் பட்டால் அது விற்காது. கார் போனபோது கத்தாத மனுஷன் அப்போது கத்தினார்.

"இன்னாம்மா இது! எண்ணெய வழிய வுட்டு வெச்சிருக்கீங்க!"

"கிரீஸா இருக்கும்ணா."

"கிரீஸா? எண்ணெய எனக்குத் தெரியாதா?" விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். "இது ஓடற எண்ணெ."

சலீம் பாய் வந்து கியர் பாக்ஸின் வாய்க்குள், கிளட்ச் உட்கார்ந்திருக்கும் குடைவுக்குள், கையை விட்டார். வெளியே எடுத்தபோது நாலு விரலும் கறுப்புக் குழம்பு. மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்ஜின் ஆயில் மேடம். இன்ஜின் பின்பக்கம் ஆயில அடைக்கற சீல் கசிஞ்சிருக்கு. ஆயில் பட்டா பிளேட் வழுக்கும், தீயும். அப்புறம் வண்டி எப்படிப் போவும்?"

"இறக்கும்போது பிளேட்டுல ஆயில் இல்லையா பாய்?"

"இருந்திச்சி."

"அப்போ போட்டோவுல ஏன் இல்ல?"

பாய் மெதுவாகச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு போர்டு. "கழுவாத பார்ட்டுக்கு போட்டோ கிடையாது." கீழே கையெழுத்து, பரிமளா.

அந்தப் போர்டை நான் வைத்ததற்கும் காரணம் இருந்தது. அழுக்குப் பார்ட்டின் போட்டோக்கள் தெளிவில்லை என்று சென்னை ஆபீஸ் வரிசையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆடிட்டில் மார்க் குறைத்தார்கள். எனக்குக் கோபம் வந்து, எதுவாக இருந்தாலும் பளபளவென்று கழுவி வைக்கச் சொன்னேன். அதிலிருந்து எங்கள் கிளைப் போட்டோக்கள் பெண் பார்க்கும் போட்டோ மாதிரி இருந்தன. குறையைக் காட்டுவதற்காக எடுக்கிற போட்டோவில் குறையைக் கழுவிவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

தேவராஜ் வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார். "இன்னாம்மா, இன்னா சொல்றாரு பாய்?"

"தப்பு உங்க மேல இல்லண்ணா" என்றேன்.

5. சென்னை இன்ஜினியர்

மூடிய கிளெய்மைத் திறக்க ஒரு வழி உண்டு. ரீ-இன்ஸ்பெக்‌ஷன் கேட்கலாம். முதல் தடவை ஏன் சரியாகக் காட்டவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். "என் உத்தரவின்படி பார்ட் கழுவப்பட்டது" என்று எழுதி அனுப்பினேன். அரை மணியில் வேலூரிலிருந்து முதலாளி போன்.

"பரிமளா, உனக்கு இன்னா ஆச்சி? நம்ம தலைல நாமே மண்ண வாரிப் போட்டுக்கறதா? அடுத்த மாசம் உன்ன மேனேஜராக்கச் சொல்லி கம்பெனிக்கு எழுதியிருக்கேன். இப்போ போயி இத அனுப்பற!"

"உண்மை சார்."

"உண்மைய யாரு கேட்டா? ரிப்போர்ட்டத்தான கேட்டாங்க!"

பிரவீன் என்ற ஏரியா இன்ஜினியர் வந்தார். சின்ன வயசு, டிப்டாப், கழுத்தில் ஐ.டி. கார்டு. அந்த மெயிலை எழுதியவரே அவர்தான். கியர் பாக்ஸைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "சீல் லீக் இருக்கு மேடம், ஒத்துக்கறேன். ஆனா டோயிங்கும், அதான் கட்டி இழுக்கறதும், நடந்திருக்கே. ரெண்டும் சேர்ந்துதான் போயிருக்கும்னு எழுதறேன்."

தேவராஜ் சோபாவிலிருந்து எழுந்து வந்தார். "சார், நாளைக்கு காலைல எங்க தெருவுக்கு வாங்க. பாவு போடறோம். உங்க கண்ணால பாத்துட்டு இன்னா வேணா எழுதுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் டெஸ்ட் டிரைவ் காரில் பிரவீனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காரின் மூக்கிலேயே கொக்கி மாட்டி, கோமதி மூன்று சேலைப் பாவைக் கட்டினாள். தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் குச்சியைச் செருகி இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிய ஆஃப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் சார் கட்டுவோம்" என்றாள் கோமதி. "முளைக்கு பதிலா வண்டி. அவ்ளோதான்."

பிரவீனுக்கு அது போதவில்லை. "வெறும் நூல்தானே. ஸ்டார்ட் பண்ணி அரை அடி பின்னால எடுத்துப் பாக்கறேன், எவ்வளவு லோடு வருதுன்னு தெரிஞ்சிடும்" என்று யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் சட்டென்று ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

தெருவே ஒரே குரலில் அலறியது. குச்சி வைத்திருந்த பெரியவர் ஒருவர், "யோவ், இன்னா பண்ணிகினு கீற! மூணு சேலை நூலுய்யா!" என்று ஓடிவந்தார். கோமதி ஜன்னல் வழியாகக் கையை விட்டு சாவியைத் திருகிப் பிடுங்கிவிட்டாள். பிரவீன் கழுத்து ஐ.டி. கார்டு அவள் வளையலில் சிக்கி, அவர் தலை பாதி வெளியே வந்துவிட்டது.

கார் நகரக்கூட இல்லை. ஸ்டார்ட் ஆகும்போது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். தேவராஜ் பாவின் ஓரமாக நடந்து போய், குனிந்து, அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்தார். அறுந்த முனைகளைக் கிள்ளி, மிச்சத்தை முடிச்சுப் போட்டுவிட்டு, கிள்ளிய நூலைக் கொண்டுவந்து பிரவீன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணதுக்கே ரெண்டு இழை போச்சி சார். இழுத்திருந்தா பாவே இருந்திருக்காது. அந்தப் போட்டோவுல பாருங்க, முழுசா இருக்கும். இந்தாங்க, இதான் நான் இழுத்த லோடு."

பிரவீன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு, பாவம், பழக்க தோஷம், ஜாப் கார்டு நம்பர் எழுதிய பேப்பரைப் பக்கத்தில் வைத்து அந்த இரண்டு இழையைப் போட்டோ எடுத்தார். கோமதி கேட்டாள், "கழுவிட்டு எடுக்கணுமா சார்?" அந்த விஷயத்தை அவளுக்கு யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை.

6. யார் தப்பு

கிளெய்ம் பாஸாயிற்று. புது சீல், புது கிளட்ச், எல்லாம் கம்பெனி செலவு. ஆனால் தேவராஜ் கேட்டது அது இல்லையே. அந்தக் காரின் சரித்திரத்தை இந்தியாவில் எந்த சர்வீஸ் சென்டரில் திறந்தாலும் முதல் வரி 'கஸ்டமர் மிஸ்யூஸ்' என்றுதான் வரும்.

பிரவீன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "அழிக்கற ஆப்ஷனே இல்ல மேடம். யார் மேல தப்புன்னு மாத்தலாம். மூணுதான் இருக்கு. கஸ்டமர், டீலர், கம்பெனி. கம்பெனின்னு போட எனக்கு பவர் இல்ல. அது டெல்லி வரைக்கும் போகணும், வராது. டீலர்னு போட்டா உடனே மாறிடும். ஆனா எந்த ஸ்டாஃப்புன்னு எம்ப்ளாயி நம்பர் கேக்கும்."

எனக்கு எரிந்தது. "சீல் உங்களுது. போட்டோவைப் பாத்து டோயிங்னு எழுதினது நீங்க. அழுக்கா அனுப்பாதேன்னு மார்க்கைக் குறைச்சதும் நீங்க. இப்போ நம்பர் மட்டும் என்னுதா?"

பிரவீன் தலை குனிந்து, "நியாயம்தான் மேடம்" என்றார். நியாயத்துக்கும் அந்த லிஸ்டில் இடமில்லை.

மேனேஜர் நாற்காலியை நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். என் பிள்ளைகளிடம்கூட அதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தேவராஜ் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் அவரிடம் "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சொன்னது பிரவீன் இல்லை, கம்பெனி இல்லை. நான். டீலர் என்று மாற்றி, என் நம்பரை அடித்தேன்.

பிறகு தேவராஜைக் கூப்பிட்டு, அன்றைக்குப் போலவே நாலு பேர் இருக்கும்போது மானிட்டரைத் திருப்பினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது யாரு நம்பரும்மா?"

"என்னுதுண்ணா. தப்பு பண்ணது நான்தான். மன்னிச்சிடுங்க."

அவர் பேப்பரை மடித்தார். அன்றைக்கு முதல் தடவையாக மிஷின் காபி கேட்டு வாங்கிக் குடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

மேனேஜர் பதவி எனக்கு வரவில்லை. முதலாளி ஒரு வாரம் பேசவில்லை, பிறகு பேசாமல் இருக்க முடியாமல் பேசினார். போர்டைக் கழற்றினேன். முதலில் அழுக்கோடு ஒரு போட்டோ, பிறகு கழுவி ஒரு போட்டோ என்று வழக்கத்தை மாற்றினேன். புதுப் பிள்ளைகளே, கிளெய்ம் பற்றி என்னிடம் இருக்கும் ஒரே நுணுக்கம் அதுதான். மற்றதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதைக் காதில் வாங்குவது.

கார் டெலிவரி ஆன பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து எனக்கு இன்னொரு மெயில் வந்தது. சர்வீஸ் முடிந்தவர்களுக்கு அவர்கள் போன் போட்டு மார்க் கேட்பார்கள். தேவராஜ் மார்க்கே கொடுக்கவில்லையாம், டீலர் விளக்கம் தரவும் என்றிருந்தது. பேச்சின் ரெக்கார்டிங்கை இணைத்திருந்தார்கள். போட்டுக் கேட்டேன்.

"சார், எங்க சர்வீஸுக்கு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் குடுப்பீங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"ஏம்மா, என் மேல இருந்த பழிய ஒரு அம்மா எடுத்துத் தன் மேல போட்டுகினாங்க. அதுக்கு உங்க ஆபீஸ்ல எத்தன மார்க்கு?"

அந்தப் பெண், "சார்... பத்து வரைக்கும்தான் சார் இருக்கு" என்றாள்.

"அப்போ வேணாம்மா, உட்டுடு" என்று தேவராஜ் போனை வைத்துவிட்டார்.

நான் அதை இரண்டு தடவை கேட்டேன். சலீம் பாயைக் கூப்பிட்டு மூன்றாம் தடவை கேட்டேன். பிறகு விளக்கம் எழுத வேண்டிய கட்டத்தைத் திறந்தேன். அந்த வேலையில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எழுதாத வரியை எழுதி அனுப்பினேன். "கஸ்டமர் சொன்னது சரி."